குளிர்கால விடுமுறைக்கு டிக்கெட் போடும் மாணவருக்கு

கேள்வி இதுதான். வெளிநாட்டில் முதுகலை முதல் ஆண்டு. டிசம்பர் 19 மதியம் கடைசித் தேர்வு, அன்று மாலையே கடைசி விமானத்தில் கிளம்ப வேண்டும். பல்கலைக்கழக நகரத்திலிருந்து பெரிய விமான நிலையத்துக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து வீட்டுக்கு வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். தனித்தனியாகப் போட்டால் மலிவு. நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. திரும்பி வருவது வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள் இரவு. பனி கொட்டி விமானம் ரத்தானால் என்ன செய்வது, பணம் கிடைக்குமா, வகுப்புக்கும் விசாவுக்கும் சிக்கல் வருமா, இறக்கையில் பனியோடு பறப்பது ஆபத்தில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இப்படி டிக்கெட் போட்ட மாணவன்தான். படிப்பு முடிந்தபின் ஆறு குளிர்காலம் ஒரு விமான நிலையத்தில் பயணிகள் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பனி வராத வருடத்தில் உங்கள் திட்டம் சிக்கலில்லாமல் நடந்துவிடும். வந்துவிட்டால், அன்றைய கடைசி விமானம், இரண்டு தனி டிக்கெட், வகுப்புக்கு முந்தைய இரவு என்ற மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விழும். டிக்கெட்டை இன்னும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

கவுன்டரில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "வெளியே வெயில் அடிக்கிறதே, எதற்கு ரத்து?" என்பது. கோபத்தோடுதான் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். குறுந்தூர விமானம் ஒன்று ஒரே நாளில் நாலைந்து ஊர்களுக்குப் போய் வரும். காலையில் பனி கொட்டும் ஊரில் அது மாட்டிக்கொண்டால், மதியம் வெயில் அடிக்கும் உங்கள் ஊரில் பயணிகள் இருப்பார்கள், விமானம் இருக்காது. விமானம் வந்து சேர்ந்தாலும் ஓட்ட ஆள் இல்லாமல் போகலாம். விமானிகள் ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் பணியில் இருக்கலாம் என்று சட்ட வரம்பு உண்டு. அமெரிக்காவில் இரண்டு விமானிகள் மட்டும் ஓட்டும் பயணத்துக்கு, பணி தொடங்கும் நேரத்தையும் எத்தனை முறை ஏறி இறங்குகிறார்கள் என்பதையும் பொறுத்து அது 9 முதல் 14 மணி நேரம். கிளம்பும் முன் இறக்கையின் பனியை நீக்கும் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றால் அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும். "க்ரூ டைம் அவுட்" என்று எங்களுக்குள் சொல்வோம். அந்தச் சொல் காதில் விழுந்தால், வாசலில் விமானம் நின்றாலும் அது கிளம்பாது, மாற்று விமானி வந்தாலொழிய.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2022 கிறிஸ்துமஸ் வாரமே உதாரணம். அமெரிக்காவைத் தாக்கிய பனிப்புயலில் எல்லா விமான நிறுவனங்களும் அடிவாங்கின. மற்றவை சில நாளில் எழுந்துகொண்டன. சவுத்வெஸ்ட் நிறுவனம் மட்டும் அந்த வாரக் கடைசி வரைக்கும் தடுமாறி, 16,000க்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார், யாரை எதில் போடுவது என்று கணக்குப் பார்க்கும் அவர்களது பழைய முறையால் அத்தனை மாற்றங்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. புயல் நகர்ந்து போன பிறகும் விமானங்கள் ஓடவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அடுத்த ஆண்டு டிசம்பரில் 14 கோடி டாலர் அபராதம் போட்டது.

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குபவர்களுக்கு இன்னொரு பாடம் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் கிடைத்தது. 2018 ஜனவரி 4 அன்று புயல் அடித்து நிலையத்தை மூடினார்கள். புயல் அன்றே போய்விட்டது. ஆனால் காத்திருந்த நீண்டதூர விமானங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து இறங்க, நிறுத்த கேட் இல்லை. கண்ணுக்கு முன்னால் முனையம் தெரிய, மணிக்கணக்கில் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிகள் மலையாகக் குவிந்தன. ஜனவரி 7 அன்று ஒரு முனையத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து வெள்ளம் வேறு. ஆகவே "புயல் நாளைக்கு முடிந்துவிடும், நான் நாளன்றைக்குத்தானே போகிறேன்" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். புயலுக்கு அடுத்த இரண்டு நாளும் புயல் நாட்களாகவே கணக்கு வையுங்கள்.

இதிலிருந்து உடனே பயன்படும் ஒரு பழக்கம் வருகிறது. கிளம்பும் நாளில் உங்கள் ஊர் வானிலையைப் பார்ப்பதோடு, உங்களை ஏற்றிப்போகும் விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் செயலியில் "வரும் விமானம்" என்ற பகுதி இருக்கும். ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகளிலும் தெரியும். மாலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய விமானம் நாலு மணிக்கு இரண்டு மாநிலம் தள்ளித் தரையில் நின்றுகொண்டிருந்தால், அறிவிப்புப் பலகை "சரியான நேரம்" என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். பலகை மாறுவதற்கு முன்னால் கவுன்டரில் போய் நிற்பவருக்கு இடம் கிடைக்கும். மாறிய பின் இருநூறு பேர் நிற்பார்கள்.

அதிகாலை விமானத்தை நான் சிபாரிசு செய்வதும் இதனால்தான். அது பெரும்பாலும் முந்தைய இரவே வந்து அங்கேயே தூங்கிய விமானம். உறைபனி படிந்திருப்பதால் காலையில் சுத்தம் செய்ய நேரமாகும், உண்மைதான். ஆனால் அது ரத்தானாலும் அன்றைக்குள் இன்னும் இரண்டு மூன்று விமானம் மிச்சம் இருக்கும். மாலைக் கடைசி விமானம் ரத்தானால் மிச்சம் இருப்பது நாற்காலிதான்.

அடுத்தது, எந்த நிலையம் வழியாகப் போவது. பனி அதிகம் பெய்யும் ஊர் மோசம், குறைவாகப் பெய்யும் ஊர் நல்லது என்று தோன்றும். அப்படி இல்லை. ஹெல்சின்கியில் குளிர்காலம் முழுக்கப் பனிதான், அதற்கென்றே வண்டிகளும் ஆட்களும் வைத்திருக்கிறார்கள், ஓடுபாதையை ஒன்றன்பின் ஒன்றாகத் துடைத்து நிலையத்தை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். லண்டன் ஹீத்ரோவில் 2010 டிசம்பர் 18 அன்று சில சென்டிமீட்டர் பனிதான் விழுந்தது. ஓடுபாதையைச் சுத்தம் செய்துவிட்டார்கள், ஆனால் நிறுத்தப்பட்டிருந்த விமானங்களைச் சுற்றி உறைந்துபோன பனியை அகற்ற முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் முனையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதை, அதுவும் எப்போதும் நிரம்பி வழியும் நிலையில் ஓடுவது. ஒரு மணி நேரம் தடைபட்டால் அதை ஈடுகட்ட இடைவெளி கிடையாது. பனிக்குப் பழகிய மியூனிக்கே 2023 டிசம்பர் 2 அன்று மூட வேண்டியதாயிற்று, அளவு அப்படி. ஆக, பனியின் அளவை மட்டும் பார்க்காமல் அந்த நிலையம் அதற்குப் பழகியதா, கொஞ்சம் மூச்சுவிட இடம் உள்ளதா என்றும் பாருங்கள்.

உண்மையில் எங்களைக் கலங்கடித்தது வெள்ளைப் பனி அல்ல, உறைமழை. மழையாக விழுந்து, பட்ட இடத்திலேயே கண்ணாடியாக உறையும். பனியைத் தள்ளலாம், இதைத் தள்ள முடியாது. 2022 டிசம்பர் 23 அன்று சியாட்டில் நிலையம் இதனால் ஓடுபாதைகளை மூடியது, 2024 ஜனவரி 17 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானங்கள் புறப்பட முடியாமல் நின்றன. மூடுபனி வேறு ரகம்: நவீன விமானங்கள் அதில் இறங்கிவிடும், ஆனால் இரண்டு விமானங்களுக்கு நடுவே அதிக இடைவெளி விட வேண்டும். மணிக்கு நாற்பது இறங்கும் இடத்தில் இருபதுதான் இறங்கும் என்றால் மீதி இருபது ரத்தாகும், முதலில் பலியாவது குறுந்தூர விமானங்கள். உங்கள் முதல் விமானம் அந்த வகைதான்.

இனி இரண்டு தனி டிக்கெட் விஷயம். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கவுன்டரில் நான் அழுகையைப் பார்த்ததில் பாதி இதனால்தான். ஒரே முன்பதிவில், அதாவது ஒரே பிஎன்ஆர் எண்ணில், இரண்டு விமானமும் இருந்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் உங்களைக் கடைசி ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அடுத்த நாளோ, வேறு வழியாகவோ, கூட்டு நிறுவனத்தின் விமானத்திலோ இடம் தேடித் தர வேண்டும், கூடுதல் பணம் கேட்கக் கூடாது. தனித்தனி டிக்கெட் என்றால், இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் நீங்கள் நேரத்துக்கு வராத பயணி. பனி என்றாலும், உடம்பு சரியில்லை என்றாலும், தூங்கிவிட்டேன் என்றாலும் அவர்கள் கணினியில் எல்லாம் ஒன்றே. வராத பயணியின் டிக்கெட் செத்துப்போகும், பெரும்பாலும் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்துக்கொண்டு. கிறிஸ்துமஸ் வாரத்தில் கடைசி நிமிடத்தில் புதிதாக ஒரு நீண்டதூர டிக்கெட் வாங்கும்போது, மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு போய்விடும். பெட்டியும் நேராகக் கடைசி ஊருக்குப் போகாமல் நடுவில் இறங்கும், எடுத்து மறுபடி போட வேண்டும். இரண்டரை மணி நேரம் அதற்கே போதாது.

தனி டிக்கெட்தான் வேண்டும் என்றால் நடுவில் ஓர் இரவு விடுங்கள். பெரிய நிலையம் உள்ள ஊருக்குப் பேருந்திலோ ரயிலிலோ முந்தைய நாளே போய்விட்டு, அங்கிருந்து நீண்டதூர விமானத்தை மட்டும் பிடிப்பது இன்னும் நல்லது. மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான். சாலையும் அதே பனியில்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம், அதனால்தான் முந்தைய நாள்.

முன்பதிவில் இன்னொரு சிறு விஷயம். ஏஜென்ட் வழியாகவோ மலிவு டிக்கெட் தளம் வழியாகவோ வாங்கினால், முன்பதிவில் ஏஜென்ட்டின் தொலைபேசியும் மின்னஞ்சலும் உட்கார்ந்திருக்கும். ரத்துச் செய்தி அவருக்குப் போகும், நீங்கள் நிலையத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொள்வீர்கள். டிக்கெட் வந்ததும் விமான நிறுவனத்தின் செயலியில் அந்த எண்ணைப் போட்டு உங்கள் கைபேசி எண்ணைச் சேர்த்துவிடுங்கள். அப்புறம், தேதி மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ "ஏஜென்ட்டைக் கேள்" என்று நிறுவனமும், "நிறுவனத்தைக் கேள்" என்று ஏஜென்ட்டும் தள்ளிவிடும் விளையாட்டு புயல் நாளில் நிச்சயம் நடக்கும். சில நூறு மிச்சத்துக்காக அதில் மாட்டுவதா என்று யோசியுங்கள்.

புயல் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் இந்த நேரத்தில் சும்மா இருப்பார்கள், அது தவறு. பெரிய நிறுவனங்கள், முக்கியமாக வட அமெரிக்காவில், ஓரிரு நாள் முன்பே "டிராவல் வெய்வர்" என்று ஒன்றை வெளியிடும். குறிப்பிட்ட நிலையங்கள், குறிப்பிட்ட தேதிகள், அதற்குள் பயணம் இருந்தால் கட்டணமில்லாமல் தேதியை மாற்றிக்கொள்ளலாம். அதே இருக்கை வகுப்பில், அவர்கள் சொல்லும் தேதிக்குள் மாற்றினால் விலை வித்தியாசமும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். வெளியான முதல் சில மணி நேரத்தில் நல்ல இடங்கள் இருக்கும். தேர்வு இல்லை என்றால் ஒரு நாள் முன்னால் போய்விடுங்கள். தேர்வு இருந்தால் இரண்டு நாள் பின்னால் தள்ளுங்கள். புயல் நாளுக்கு அடுத்த நாளுக்கு மாற்றுவது எல்லோரும் செய்வது, அந்த நாள்தான் இருப்பதிலேயே கூட்டமான நாள்.

ரத்து ஆகிவிட்டது. இப்போது ஒரு சின்னக் கணக்கு. முந்நூறு பேர் போக வேண்டிய விமானம் நின்றுவிட்டது. விடுமுறைக் காலத்தில் அடுத்தடுத்த நாள் விமானங்களில் ஒவ்வொன்றிலும் முப்பது இடம்கூடக் காலி இருந்தால் ஆச்சரியம். ஒரே வழியில் எல்லோரையும் அனுப்பினால் பத்து நாள் ஆகும். அதனால் உங்கள் போட்டி, பக்கத்தில் நிற்கும் அந்த இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரோடு. வரிசையில் நில்லுங்கள், நின்றுகொண்டே செயலியில் மாற்று விமானம் தேடுங்கள், தேடிக்கொண்டே தொலைபேசியிலும் கூப்பிடுங்கள். உள்ளூர் உதவி எண் நிரம்பி வழியும். அதே நிறுவனத்துக்கு வேறு நாட்டிலும் உதவி எண் இருக்கும், அங்கே அப்போது பனியும் இல்லை, கூட்டமும் இல்லை. அவர்கள் பார்ப்பதும் அதே கணினிதான்.

கவுன்டருக்கு வரும்போது கையில் ஒரு முடிவோடு வாருங்கள். "எனக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று சொல்பவருக்கு நான் தேட வேண்டும், பின்னால் வரிசை முறைக்கும். "நாளை காலை இன்ன எண் விமானம், இன்ன ஊர் வழியாக, இரண்டு இடம் காட்டுகிறது, அதில் போடுங்கள்" என்று சொன்ன ஒரு பெண்ணுக்கு நாற்பது விநாடியில் போர்டிங் பாஸ் கொடுத்தேன். அவர் முன்னால் நின்றவர் கால் மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, அதே இடத்தைக் கேட்கத் தெரியாமல் போயிருந்தார். பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போகத் தயார் என்று சொன்னால் வாய்ப்பு இன்னும் கூடும். கத்துவது உதவாது. நாங்களும் பதினாலு மணி நேரம் நின்றவர்கள்தான்.

பயணத்தின் கடைசிச் சிறு பகுதியை விட்டுவிட்டு ரயிலில் போகலாமா என்று தோன்றும். போகலாம், ஆனால் முன்பே நிறுவனத்திடம் சொல்லி முன்பதிவில் அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் வராத பயணி என்று பதிவாகி, திரும்பும் டிக்கெட் தானாக ரத்தாகிவிடலாம். பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்காமல் நிலையத்தை விட்டுப் போகாதீர்கள். புயல் நாளில் உள்ளே போட்ட பெட்டியைத் திருப்பித் தர பல மணி நேரம் ஆகும், பெரும்பாலும் அடுத்த விமானத்தோடு அனுப்பிவிடுவார்கள். பெட்டி வராவிட்டால் நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் அங்கேயே புகார் எழுதி எண் வாங்குங்கள். வெளிநாட்டு விமானப் பயணங்களுக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, தாமதமான பெட்டிக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், சேதமானதற்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். எந்த நாட்டிலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து விதி மாறும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானமும், ஐரோப்பிய நிறுவனத்தில் அங்கே போகும் விமானமும் 261/2004 என்ற விதிக்குள் வரும். அதில் உள்ள 250 முதல் 600 யூரோ இழப்பீடு, புயலுக்குக் கிடைக்காது, அது நிறுவனத்தின் கையை மீறியது. ஆனால் சாப்பாடு, இரவுத் தங்கல், ஓட்டலுக்குப் போக வர வண்டி ஆகியவை புயலானாலும் கட்டாயம். ஐஸ்லாந்து எரிமலையால் 2010இல் வானமே மூடப்பட்ட வழக்கில்கூட இந்தக் கடமைக்கு விலக்கு இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. கவுன்டரில் "வானிலை, ஒன்றும் கிடையாது" என்று யாராவது சொன்னால் இழப்பீட்டையும் இதையும் குழப்புகிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் ஓட்டல் தராவிட்டால் நியாயமான விலையில் நீங்களே எடுத்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே விதி.

அமெரிக்காவில் நிலைமை வேறு. புயலால் ரத்தானால் சாப்பாடோ ஓட்டலோ தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ரத்தாகி, மாற்று விமானம் வேண்டாம் என்றால் முழுப் பணமும், நீங்கள் கொடுத்த வழியிலேயே, திரும்ப வர வேண்டும். உள்நாட்டு விமானம் 3 மணி நேரம், வெளிநாட்டு விமானம் 6 மணி நேரம் தாமதமானாலும் அப்படியே. மாற்று விமானத்தில் ஏறிவிட்டால் பணம் கிடையாது. வவுச்சர் நீட்டுவார்கள், பணம்தான் வேண்டும் என்றால் அதை வாங்காதீர்கள். கனடாவில், நிறுவனத்தின் கையை மீறிய காரணத்துக்குச் சாப்பாடு கட்டாயமில்லை, ஆனால் 48 மணி நேரத்துக்குள் மாற்று இடம் தர முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். மற்றபடி காப்பீடு. பல்கலைக்கழகம் எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக இதெல்லாம் வராது. பயணக் காப்பீட்டை டிக்கெட்டோடு சேர்த்தே எடுங்கள். புயல் செய்தி வந்த பிறகு வாங்கினால், தெரிந்த ஆபத்து என்று அதற்கு விலக்கு போட்டுவிடுவார்கள். ரத்துக்கான காரணம் எழுதிய கடிதம் ஒன்றை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிவிடுங்கள், காப்பீட்டுக்கும் கல்லூரிக்கும் ஒன்றே போதும்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். ஜனவரியில் முதல் முறையாகப் படிக்க வந்தவன். இணைப்பு விமானம் ரத்து, இரவு ஒரு மணி. கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், விவரம் எல்லாம் அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது, கடிதம் பெட்டியில் இருக்கிறது, பெட்டி உள்ளே போய்விட்டது. கோட்டும் அதே பெட்டியில்தான். வெளியே மைனஸ் பதினெட்டு, அவன் மேல் ஒரு மெல்லிய ஸ்வெட்டர். ஓட்டல் வண்டி வரும் வரை என் கோட்டைக் கொடுத்து நிற்க வைத்தேன். பாஸ்போர்ட், விசா, கல்லூரி ஆவணங்கள், மருந்து, சார்ஜர், ஒரு நாள் உடை, கனமான கோட்டு, எல்லாம் கைப்பையில் அல்லது உடம்பில். மடிக்கணினியும்தான், ஆய்வறிக்கையின் ஒரே பிரதி அதில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

விசாவில் கவனிக்க வேண்டியது, அது என்றைக்கு முடிகிறது என்பது. விசா முடியும் நாளன்றோ அதற்கு முந்தைய நாளோ திரும்பும்படி டிக்கெட் போட்டால், ஒரு நாள் தாமதம் உங்களை விமானத்தில் ஏற விடாமல் செய்துவிடும். குறைந்தது ஒரு வார இடைவெளி வையுங்கள். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் புதிதாக வருபவர்கள், கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்பிருந்தே நுழையலாம், அந்தச் சலுகையைப் பயன்படுத்துங்கள். தேதி தாண்டிவிடும் என்று தெரிந்த உடனே, வழியில் இருக்கும்போதே, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதிப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு குடிவரவு அதிகாரியைப் பாருங்கள். ஏற்கெனவே படிப்பவர்கள் ஊருக்குப் போகும் முன் அதே படிவத்தில் பயணக் கையெழுத்து செல்லுபடியாகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் வகுப்பு தவறியதற்குப் பேராசிரியர் கோபப்படுவது அரிது. மூன்று நாள் கழித்து வந்து சொன்னால்தான் கோபம்.

மாட்டிக்கொள்ளும் ஊர் மூன்றாவது நாடாக இருந்தால் இன்னொரு சிக்கல். நிறுவனம் ஓட்டல் சீட்டு தரும், ஆனால் ஓட்டல் குடிவரவுக் கோட்டுக்கு வெளியே. அந்த நாட்டு விசா இல்லாவிட்டால் வெளியே போக முடியாது. சில இடங்களில் அதிகாரிகள் ஓரிரவு அனுமதி கொடுப்பதுண்டு, அது அவர்கள் மனசு. இல்லாவிட்டால் உள்ளே நாற்காலிதான். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல், தோஹா, துபாய் போன்ற நிலையங்களில் குடிவரவுக் கோட்டுக்கு உள்ளேயே தங்கும் அறைகள் இருக்கின்றன. வழியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் சேருங்கள். அமெரிக்காவில் இந்தக் கவலை இல்லை, அங்கே முதலில் இறங்கும் நிலையத்திலேயே பெரும்பாலும் எல்லோரும் குடிவரவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட்டுத்தான் அடுத்த விமானத்துக்குப் போக வேண்டும். அடுத்த விமானம் ரத்து என்று தெரிந்தால் பெட்டியை மறுபடி போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக உங்கள் டிக்கெட்: 19 மாலைக்குப் பதில் 20 அதிகாலை, ஒரே முன்பதிவு, நடுவில் குறைந்தது நாலு மணி நேரம், திரும்புவது வகுப்புக்கு மூன்று நாள் முன்னால். விடுதி விடுமுறையில் பூட்டியிருக்குமா, என்றைக்குத் திறப்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இறக்கைப் பனி. உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃபுளோரிடா விமானம் ஒன்று, பனி நீக்கிய பிறகு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பனியில் காத்திருந்து, இறக்கையில் மறுபடி பனி படிந்த நிலையிலேயே கிளம்பியது. எஞ்சின் உறைதடுப்பையும் போடவில்லை. பாலத்தில் மோதி பொடோமாக் ஆற்றில் விழுந்தது, 78 பேர் இறந்தார்கள். 1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடனில் இன்னொன்று. அந்த விமானத்தின் துணை எஞ்சின் பழுது, பிரதான எஞ்சினை அணைத்தால் மறுபடி இயக்க அங்கே வசதி இல்லை, எஞ்சின் ஓடும்போது பனி நீக்கும் திரவம் அடிக்கக் கூடாது. அதனால் நீக்காமலே கிளம்பினார்கள், விமானம் விழுந்து 24 பேர் இறந்தார்கள். மெல்லிய பனிப்படலம்கூட இறக்கையின் தூக்கு விசையைக் கெடுத்துவிடும். இறக்கை சுத்தமாக இருந்தால் ஒழியக் கிளம்பக் கூடாது என்ற விதியை இன்று இவ்வளவு கறாராகப் பிடிப்பது இவற்றுக்குப் பிறகுதான்.

நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பார்க்கலாம். ஒரு லாரி வந்து, தூக்குக்கூடையில் நிற்பவர் முதலில் சூடான ஆரஞ்சு நிறத் திரவத்தை அடிப்பார், அது இருக்கும் பனியைக் கரைத்துத் தள்ளும். பனி இன்னும் விழுந்துகொண்டிருந்தால் அதன்மேல் பச்சை நிறத்தில் கெட்டியான இன்னொன்று, அது புதிதாக விழுவதை ஒட்டவிடாது, ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது தானே வழிந்துவிடும். அந்தப் பச்சைக்கு ஆயுள் உண்டு, "ஹோல்ட்ஓவர்" என்பார்கள். எந்தத் திரவம், எத்தனை டிகிரி, எந்த மாதிரிப் பனி என்று அட்டவணையைப் பார்த்து விமானி நேரம் குறிப்பார். கன உறைமழைக்கு அட்டவணையில் நேரமே கிடையாது, கிளம்ப முடியாது. வரிசை நீண்டு நேரம் தாண்டினால் திரும்பி வந்து மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். ஒரு விமானம் மூன்று முறை திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன், உள்ளே எல்லோரும் விமானியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். திரவம் அடிக்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுப்பதை நிறுத்திவிடுவார்கள், கொஞ்சம் புழுக்கமாக இருக்கும். மீண்டும் காற்று வரும்போது பாகு காய்ச்சிய மாதிரி ஒரு தித்திப்பு வாசனை சில நிமிடம் அடிக்கும், ஜன்னலில் ஆவி மாதிரிப் படியும். அது புகை இல்லை, எழுந்து பெல் அடிக்க வேண்டாம்.